மஞ்சள் நூல்

கண்ணில் திரை விழுந்த பிறகும் தையல்காரம்மா மிஷினை விடவில்லை. ஊசியில் நூல் கோப்பதற்குள் எச்சில் வற்றிவிடும். கைத் தடவலிலேயே சர்ச்சில் பாடுகிறவர்களுக்கு வெள்ளை அங்கிகள் தைத்துக் கொடுத்தாள். ஊசி விரலில் இறங்கிய அன்றுதான் மாப்பிள்ளை அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார்.

"பார்வை வரலைன்னா மிஷினோட என்னையும் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தைக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் ஊசியைத் தொடப் பயம். கோக்க வராவிட்டால்?

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல முன்னாடி போய், ஆண்டவர் கண்ணைக் குடுத்தார்னு சாட்சி சொல்லும்மா" என்றாள் மகள்.

"எனக்கு நாக்கு ஓடாதுடி."

"வீட்டுல மட்டும் எப்படி ஓடுது, அத்தை?" என்றார் மாப்பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் வாசித்தது பேதுருவின் மாமியார் கதை. இயேசு கையைப் பிடித்துத் தூக்கினார், ஜுரம் விட்டது, அவள் எழுந்து எல்லோருக்கும் பணிவிடை செய்தாள்.

"கேட்டீங்களா அத்தை? எந்திரிச்சதும் மருமகனுக்குச் சாப்பாடு."

"பேசாம இருங்க மாப்பிள்ளை."

பாடகர்கள் எழுந்து நின்றார்கள். தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் தைத்த வெள்ளை அங்கி முழுக்க எலுமிச்சை மஞ்சளில் தையல் ஓடியிருந்தது. பாட்டு மாஸ்டருக்கு ஒரு கை முழங்கையோடு நின்றது, இன்னொன்று விரலை மூடியது.

"உனக்குத் தெரியுமாடி?"

"எல்லாருக்கும் தெரியும்மா. சொன்னா நீ மனசு ஒடிஞ்சிடுவேன்னு..."

அந்த லட்சணத்தில் வாரம் தவறாமல் போட்டுக்கொண்டு பாடியிருக்கிறார்கள்!

போதகர் கூப்பிட்டார். முன்னால் போனவள் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். எழுந்ததும் பாட்டு மாஸ்டரின் நீண்ட கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"ஆராதனை முடிஞ்சதும் எல்லாரும் அங்கியைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."

"பாட்டுல குறை ஒண்ணும் இல்லையேம்மா?" என்றார் மாஸ்டர். சர்ச்சே சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து மஞ்சள் தையலைப் பிரித்தாள். பிறகு வெள்ளை நூலை எடுத்தாள். முதல் தடவையிலேயே நூல் ஊசிக்குள் போய்விட்டது.

"ஆண்டவரே" என்றாள். மிஷின் ஓடத் தொடங்கியது.

"அம்மா, சாப்பாடு?" என்று மகள் குரல் கொடுத்தாள்.

"மாப்பிள்ளையையே போட்டுச் சாப்பிடச் சொல்லு. எனக்குப் பணிவிடை இருக்கு."