எட்டுப் பேருக்கு ஒரு துவாய்

கபடிப் பயிற்சி என்பது பாதி விசில், மீதி சொறி. ஏதாவது ஓர் அணியைக் கட்டி மேய்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நான் தமிழிலும் சிங்களத்திலும் படித்து, பதினைந்து வருடம் வெளிநாட்டு ஜிம் ஒன்றில் அடுத்தவர் தொப்பையைக் கரைத்துவிட்டு ஊர் திரும்பியவன். என் அணி, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் வரிசை வீடுகளில் குடியிருந்து கொழுந்து பறிக்கும் எட்டுப் பெண்கள். முதல்தடவையாக மாவட்ட இறுதிப் போட்டிக்கு வந்திருந்தார்கள். அதற்கு மூன்று வாரம் இருக்கையில் மூன்று பேருக்குப் படர்தாமரை. தோல் வியாதி உள்ளவர்கள் களத்தில் இறங்கக் கூடாதென்று அமைப்பாளர்கள் கடிதம் போட்டிருந்தார்கள். ஏழு பேர் இல்லையென்றால் ஆட்டமே இல்லை.

ராசி

பார்த்தால், எட்டுப் பேரும் வியர்வை துடைப்பது ஒரே பச்சைத் துவாயில். அரையிறுதியில் ஜெயித்த நாளிலிருந்து அதில் தண்ணீர் பட்டதே இல்லை. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினேன், பலகை மாதிரி விறைத்து நின்றது. கொதிநீரில் போடப் போகிறேன் என்றதும் கேப்டன் செல்வி பறித்துக்கொண்டாள்.

"தொவச்சா ராசி போயிரும் சேர். சொறி எங்கயும் போகாது, ராசிதான் போகும்."

ஆளுக்கொன்று

பதுளை டவுனுக்குப் போய், எட்டு நிறத்தில் எட்டுத் துவாய் வாங்கிவந்தேன். வாங்கிய முஸ்லிம் நானாவின் துணிக்கடையிலேயே பெயரும் தைத்துக் கொடுத்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் மகேஸ்வரியின் நீலத் துவாய் பவானியின் கழுத்தில். பவானிக்குத்தான் படர்தாமரை, மகேஸ்வரிக்கு ஒன்றுமில்லை. இவளாகவே கொடுத்திருக்கிறாள். தண்ணீர் போத்தலும் அப்படியே கைமாறிக்கொண்டிருந்தது. அந்த வாரக் கடைசியில் மகேஸ்வரியின் முழங்கையிலும் ஒரு வட்டம். ஏனம்மா இப்படி என்று கேட்டேன்.

"குடுக்கலன்னா பவானிய தள்ளி வச்சிட்டேன்னு லயமே பேசும் சேர். அதுக்குச் சொறியே தேவல."

யார் மேல் பழி

ஜிம்மில் படித்த சுகாதாரப் பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். ஒருத்தி மட்டும் தள்ளி நின்றால்தானே பேச்சு? எட்டுப் பேரும் ஒருத்தருக்கொருத்தர் தள்ளி நின்றால் யாரை யார் பேசுவது? இறுதிப் போட்டி வரை கேப்டன் உட்பட யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கக் கூடாது என்றேன். வட்டம் வந்த நாலு பேரையும் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அனுப்பினேன். வட்டம் மறைந்தாலும் சொன்ன நாள் வரை களிம்பை நிறுத்தக் கூடாது. லயத்தில் யாராவது கேட்டால், சேருக்குப் பைத்தியம், அவர்தான் விடுவதில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன். செல்வி முகம் மலர்ந்தது.

"அத நாங்க ஏற்கனவே சொல்லிக்கிட்டுத்தான் சேர் இருக்கோம்."

வேலிக்கு அப்பால்

போட்டியன்று மைதானத்தில் ஒரு டாக்டரம்மா வரிசையாகப் பார்த்தார். எட்டுப் பேருக்கும் சுத்தமான தோல். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு கை கொடுத்தேன். அந்தக் கையை அவர் விடாமல் திருப்பி, கடிகார வாரை மேலே தள்ளினார். அடியில், வேர்க்குரு என்று நான் நினைத்திருந்த இடத்தில், லட்சணமாக ஒரு வட்டம். மூன்று வாரமாக எட்டுப் பேரின் கணுக்காலுக்கும் பட்டி சுற்றிய கை அது.

என்னை வேலிக்கு வெளியே நிறுத்தினார்கள். என் விசிலைக் கூட உள்ளே விடவில்லை. செல்வி தானே ஆளை மாற்றி, தானே கத்தி, கொஸ்லந்த அணியை இரண்டு புள்ளி வித்தியாசத்தில் மடக்கினாள். கோப்பையோடு வேலியோரம் வந்தவள், கை எட்டாத தூரத்திலேயே நின்றுகொண்டாள்.

"நீங்க இல்லாம நல்லாத்தான் சேர் இருந்துச்சு. அடுத்த வருசமும் சொறிஞ்சிக்கிட்டே வாங்க."

தொற்று எப்படிப் பரவும் என்று மூன்று வாரம் பாடம் எடுத்தவன், அதற்குச் செய்முறை விளக்கமும் தானே கொடுத்துக்கொண்டிருந்தான் என்பதுதான் என் பயிற்சியின் சுருக்கம்.