அடிபடுவதற்கு முன்

தலைக்காய ஆராய்ச்சிக்காகப் பாலக்கரையில் ஹாலித்தின் வீட்டுக்குக் கேள்வித்தாளோடு வந்திருந்தாள் சுபலட்சுமி. சவூதியில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹாலித், மூன்று வருடமாக வீட்டோடு இருக்கிறார். தட்டில் சோறு ஆறியிருந்தால்கூட எரிந்து விழுகிறார்.

"அடிபடறதுக்கு முன்னாடியும் இப்படிக் கோவப்படுவாராங்க?"

அவர் மனைவி தஸ்லிமா யோசித்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நாற்பது நாள் லீவில், அத்தர் வாசனையோடு விருந்தாளி மாதிரி வந்து போவார். கடைசி லீவில், இனி இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று அவர் சொன்னபோது, மாடி கட்டி முடியட்டும் என்று அனுப்பிவைத்ததும் இவள்தான்.

"அங்க அவரோட ரூம்ல இருந்தவங்களக் கேளுங்கம்மா," என்றாள். "எனக்கு இந்த மூணு வருஷத்து மனுஷனைத்தான் தெரியும்."