பாறையில் முளைத்த ஆலமரமும் நான் எழுதாமல் விட்டதும்

போன வெள்ளிக்கிழமை ஒரு முப்பதாம் நாள் பூசைக்குப் போய் வந்தேன். திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலை ஒட்டிய சின்ன ஊர். இறந்துபோனது பிலோமினாள் என்ற அம்மாள். தூத்துக்குடியில் நான் குமாஸ்தாவாக இருக்கும் கப்பல் ஆபீசுக்கு அடிக்கடி வந்துபோகும் தொம்மையின் மனைவி. தொம்மைக்குக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை.

யுத்த காலத்து பஸ் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். பெட்ரோல் இல்லை. பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு இருமி இருமி ஓடுகிறது. உட்கார்ந்து யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். அன்றைக்கு அது கிடைக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏனென்றால், அந்த அம்மாளின் சாவில் எனக்கும் பங்கு உண்டு. எந்தக் கோர்ட்டும் கேட்காத பங்கு. இந்த வாரம் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் ஓர் ஆலமரத்தைப் பற்றி எழுதியிருந்தேன். விடாமல் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். செங்குத்தான பாறையில், மண்ணே இல்லாத இடத்தில், கல்லைப் பிளந்துகொண்டு வளர்ந்த மரம். ‘வாழ வேண்டும் என்ற உறுதி இருந்தால் கல்லும் வழிவிடும்’ என்றெல்லாம் எழுதினேன். நிறையக் கடிதம் வந்தது. ஒரு வாத்தியார் அதைப் பள்ளிக்கூடத்தில் வாசித்துக் காட்டியதாகக்கூட எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மரம் தொம்மையின் வீட்டுக்குப் பின்னால் நின்ற மரம்.

நம் பக்கத்துக் கடற்கரையில் கருங்கல் கிடையாது. மணல் இறுகிக் கல்லான பாறைதான். நகத்தால் கீறினால் பொடி உதிரும். அந்தப் பாறையின் அடிவாரத்தில், காற்றுக்கு ஒதுக்கமாக நாலு வீடுகள். கடைசி வீடு தொம்மையுடையது. அடுக்களையின் பின்சுவரே பாறைதான். அதற்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் மரம். வேர்கள் பாறை முழுக்க வழிந்து, அடுக்களைக் கூரைக்குப் பக்கம் வரைக்கும் வந்திருந்தன.

தொம்மையோடு ஒரு நாள் அங்கே போய், அதைப் பார்த்து நான் வாய் பிளந்து நின்றபோது, பிலோமினாள் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

“பாக்க நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி. மழை காத்துன்னா எனக்கு அடுக்களையில நிக்க முடியாது. கல்லு உள்ளுக்குள்ள நெறுநெறுங்குது. இவுககிட்ட சொன்னா, ஒனக்குத்தான் கேக்குதுங்காவ.”

தொம்மை சிரித்தார். நானும் சிரித்தேன்.

கட்டுரையில் வேர் வந்தது, விழுது வந்தது, கிளி வந்தது. காப்பிகூட வந்தது. அந்த அம்மாள் சொன்னது வரவில்லை. மறந்துவிடவில்லை... அதைப் போட்டால் கட்டுரை கெட்டுப்போகும் என்று தெரிந்தே விட்டேன்.

பேப்பர் அந்த ஊருக்குப் போனது. கோயில் வாசலில் ஒருவர் உரக்க வாசிக்க, எல்லோரும் கேட்டார்களாம். தங்கள் ஊரைப் பற்றி அச்சில் ஏறிய முதல் சங்கதி. வெளியூரிலிருந்து இரண்டொருவர் மரத்தைப் பார்க்கவும் வந்தார்களாம்.

அடுத்த வருஷம் பாறையில் ஒரு வெடிப்பு கண்டது. உள்ளே கை நுழைகிற அகலம். இந்தத் தடவை தொம்மை சிரிக்கவில்லை. ரம்பத்தோடு இரண்டு பேரைக் கூட்டிவந்தார். ஊர்த் தலைவர் வந்து தடுத்துவிட்டார்.

“பேப்பர்ல வந்த மரத்த வெட்டுனா நாளைக்கு ஊரப் பத்தி என்ன நெனைப்பாக?”

தொம்மை நேராக என் ஆபீசுக்கு வந்தார். மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்டார்.

“அண்ணாச்சி, நீங்க எழுதுனதாலதான் வெட்ட விட மாட்டேங்காவ. வெட்டலாம்னு நீங்களே ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. கேப்பாக.”

இரண்டு வரிக் கடிதம். மேஜையில் பேனா இருந்தது, காகிதம் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“தொம்மை, அந்த வேர்தானே பாறையைக் கட்டிப் பிடிச்சிருக்கு? மரத்தை வெட்டினா பாறை சரிஞ்சிடாதா? அவசரப்படாதீங்க.”

இதை எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. கல்லைப் பற்றியும் தெரியாது, மரத்தைப் பற்றியும் தெரியாது. அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. படித்தவன் சொல்வது போலவும் இருந்தது. உள்ளுக்குள் வேறொன்றும் இருந்தது – என் மரம் போய்விடக் கூடாது.

“நீங்க சொல்லுதிய... சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுத் தொம்மை போய்விட்டார்.

இந்தக் கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை. நாலாம் நாள் பிற்பகல் காற்றும் சேர்ந்துகொண்டது. தொம்மை கரையில் படகுகளை மேலே இழுத்துப் போடப் போயிருந்தார். மகள் ஜெபமாலை பள்ளிக்கூடத்தில். பிலோமினாள் அடுக்களையில் இருந்தார். கரையில் இருந்தவர்கள் அந்தச் சத்தத்தை இடி என்றுதான் நினைத்தார்களாம். ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தபோது பாறைக்கு மேலே மரத்தைக் காணோம்.

மரம் தனியாக விழவில்லை. ஒரு பெரிய கல்லையும் பெயர்த்துக்கொண்டு அடுக்களை மேல் விழுந்தது. அதை நகர்த்தி அந்த அம்மாளை எடுக்க மறுநாள் காலையாகிவிட்டது.

ஆபீசுக்கு வந்த ஒரு தோணிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடக்கத்துக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் பொய்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து தொம்மையின் இடிந்த வீட்டுக்குப் போனோம். மரம் இன்னும் அங்கேதான் தலைகுப்புறக் கிடந்தது. ஒரு மாசம் ஆகியும் ஒரு கிளையில் பச்சைத் துளிர்.

மிச்சக் கல்லை உடைத்து எடுக்க கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊரிலிருந்து சுடலைமுத்து என்ற கல்லுடைப்பவர் வந்திருந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. வேர் பாறையைப் பிடித்துக்கொண்டுதானே இருந்தது என்று அவரிடம் கேட்டேன்.

“பிடிக்கவா? நாங்க கல்லப் பொளக்க ஆப்பு அடிக்கமுல்லா, அது மாதிரிதான் வேரு. உள்ள போயிப் பெருக்கும். மேல காத்து பிடிச்சு ஆட்டுனா, கடப்பாரையப் போட்டு நெம்புன கணக்கு.”

“அப்ப போன வருஷமே வெட்டியிருந்தா?”

“மொட்டையா வெட்டிட்டாலும் ஆகாது. வேரு மக்கி, அப்புறம் கல்லு உருளும். வீட்டக் காலி பண்ணணும். கொப்பக் கழிச்சுப் பாரத்தக் கொறைக்கணும். பொறவு ஆடுத கல்ல ஒவ்வொண்ணா எறக்கணும். செய்யக்கூடிய சோலிதான். கேக்கத்தான் ஆளு இல்ல.” உளியைத் துடைத்துக்கொண்டே சேர்த்துச் சொன்னார்: “செடியா இருக்கையில ரெண்டு வெரலு போதும்.”

நான் சொன்னதில் பாதி உண்மை இருந்திருக்கிறது. அதுதான் கொடுமை. பாதி தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு, முழுதும் தெரிந்தவரிடம் அனுப்பியிருந்தால் போதும். சுடலைமுத்துவின் ஊர் அங்கிருந்து பத்து மைல்தான்.

சாயங்காலம் தொம்மையிடம் எல்லாவற்றையும் சொன்னேன் – எழுதாமல் விட்டதை, தெரியாமல் சொன்னதை, காய்ச்சல் பொய்யை. அவர் திட்டியிருந்தால் தேவலை. கடலைப் பார்த்தபடி சொன்னார்.

“நீங்க ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போனவுக. நான் அவகூட அந்த வீட்டுல பன்னிரண்டு வருசம் இருந்தேன் அண்ணாச்சி. எனக்கும்லா கேட்டிருக்கணும்.”

ஜெபமாலை தட்டில் எனக்குச் சோறு வைத்தாள். அவள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அப்பாவும் மகளும் இப்போது மணல்வெளியில் ஓலை வேய்ந்து இருக்கிறார்கள். வெயில் கொளுத்துகிறது, நிழல் இல்லை. அதுவே நிம்மதி என்கிறார் தொம்மை. பாறையடியில் மிச்சமிருக்கும் மூன்று வீட்டிலும் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். முதல் வீட்டுக்கு மேலே, வெடிப்பில், முழங்கை நீளத்தில் ஓர் அரசங்கன்று. வீட்டுக்கார அம்மாளிடம் சொன்னேன். “கன்னுதான, இருக்கட்டும். வளந்தா நெழலு” என்றார். சுடலைமுத்துவைக் கூப்பிட்டு, ஏணி வைத்து, என் கண் முன்னாலேயே பிடுங்க வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அந்த அம்மாளுக்கு என் மேல் கோபம்.

உங்கள் வீட்டுப் பாறையிலோ மதிலிலோ ஏதாவது முளைத்திருந்தால் இன்றைக்கே போய்ப் பாருங்கள். என்னைப் போல யாராவது வந்து “ஆஹா, என்ன அழகு” என்றால் – ஒரு மழைக்காலம் அதன் அடியில் குடியிருந்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.