அவள் எழுதிய இரண்டாவது வரி

இது நடந்து மூன்று வருடங்கள் இருக்கும். சிட்னியின் மேற்குப் பக்கத்தில், எங்கள் வெஸ்ட்மீட் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடத் தூரத்தில் உள்ள பேஸ்போல் மைதானத்தில், மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது. மார்ச் என்றால் இங்கே கோடை முடிந்துவிட்டது என்றுதான் பெயர். அன்றைக்கு இருக்கைகளில் கை வைக்க முடியாத வெயில்.

யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் பேஸ்போலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். பல வருடங்களுக்கு முன், கிரிக்கெட் பார்க்கலாம் என்று என் கணவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரே வளாகத்துக்குள் பல மைதானங்கள். மனிதர் வாசல் மாறி நுழைந்துவிட்டார். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் பிழை தெரிந்தது. "இது எங்கட விளையாட்டில்லை, எழும்பும், போவம்" என்றார். நான் எழும்பவில்லை. கண்ணுக்கு முன்னால் விசிறியை விரித்து வைத்தது போல ஒரு பச்சைப் புல்வெளி. அதன் பிடி இருக்கும் பக்கத்தில் செம்மண்ணால் ஒரு சதுரம். சுண்ணாம்புக் கோடுகள் இரண்டு, சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து புறப்பட்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. அவர் கிரிக்கெட் தேடிப் போய்விட்டார். நான் கடைசிப் பந்து வரை இருந்து பார்த்தேன்.

பிறகு ஒன்றைத் தெரிந்துகொண்டேன். அந்தச் செம்மண் சதுரத்தின் அளவு உலகம் முழுவதும் ஒன்றுதான். ஆனால் வெளி வேலி எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பது மைதானத்துக்கு மைதானம் மாறும். ஒரு ஊரில் வேலியைத் தாண்டி ஹோம் ரன் ஆகிற அடி, இன்னொரு ஊரில் சும்மா ஒரு கேட்ச். இந்தச் சங்கதி என்னை அப்படியே பிடித்துக்கொண்டது. கனடாவில் தம்பியின் கல்யாணத்துக்குப் போனபோது, எல்லோரும் சேலை வாங்கப் போக நான் மைதானம் பார்க்கப் போனேன். மெல்பேர்னில் வெரிபீயில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாலும், வழியில் இருக்கிற மைதானத்தை வெளியே நின்றாவது ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வருவேன். தங்கை இதைக் கோயிலுக்குப் போவது என்பாள்.

விளையாட்டின் மேல் இவ்வளவு ஆசை வைத்ததால் ஸ்டீரொய்ட் போட்டு விளையாடுகிறவர்கள் மேல் எனக்கு அடங்காத கோபம். அமெரிக்காவில் அடுக்கடுக்காக ஹோம் ரன் அடித்த சிலரை நான் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கிறேன். அவர்கள் ஊசி போட்டவர்கள் என்று பிறகு படித்தபோது, யாரோ என் வீட்டுக்குள் வந்து களவெடுத்துக்கொண்டு போனது போல இருந்தது. எங்கே கதை வந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: வாழ்நாள் தடை, பெயரையும் சாதனைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். அவர்கள் சொல்கிற சாட்டுப்போக்கு எதுவும் கேட்கக் கூடாது.

அந்தக் கோபத்தில்தான் ஊக்கமருந்துப் பரிசோதனை வேலையில் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் இரத்தமும் சிறுநீரும் எடுக்கிற நிலையம் ஒன்றில்தான் எனக்கு நிரந்தர வேலை. அதனால் சுலபமாகச் சேர்த்துக்கொண்டார்கள். வேலை இதுதான்: ஆட்டம் முடிந்ததும், தேர்வான வீராங்கனையிடம் போய்ச் சொல்லி, கையெழுத்து வாங்கி, அவர் சிறுநீர் மாதிரி கொடுக்கும் வரை கண்ணை எடுக்காமல் கூடவே இருக்க வேண்டும். ஒரு யோசனையும் சொல்லக் கூடாது. கைதட்டவும் கூடாது.

அன்றைக்கு மாநிலங்களுக்கிடையிலான பெண்கள் போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு அணியின் கேச்சர், அதாவது மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிறவர், இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். வயது முப்பதுக்குள். சட்டையின் முதுகில் நீளமான தமிழ்ப் பெயர். வளைத்துத் தைத்தும் கடைசி எழுத்து விலாப் பக்கம் இறங்கி நிற்கும். அந்தப் பெயருக்காகவே ஆறு வருடங்களாக அவளுடைய ஆட்டங்களைப் பார்த்து வந்தேன். ஒருநாளும் பேசியதில்லை.

அந்த வருடம் அவளுக்கு முழங்கால் சரியில்லை என்று எல்லோருக்கும் தெரியும். போட்டியின் முதல் நாள் குந்தி எழும்பும்போதெல்லாம் கையை நிலத்தில் ஊன்றினாள். ஆனால் இறுதி ஆட்டத்தில் வேறு ஆளாக வந்தாள். ஏழாவது இன்னிங்ஸில் ஒரு அடி அடித்தாள். அந்த மைதானத்தில் இடது பக்க வேலி நல்ல தூரம். பந்து அதையும் தாண்டி, அதற்குப் பின்னால் இருந்த மரங்களையும் தாண்டிப் போய் விழுந்தது. சனம் முழுக்க எழும்பி நின்றது. நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததை யாரும் தடுக்க முடியாதுதானே.

ஆட்டம் முடிந்தது, அவளுடைய அணி வென்றது. பரிசோதனை அதிகாரி என் கையில் ஒரு சீட்டைத் தந்தார். அவளுடைய இலக்கம். "ஆளைத் தெரியுமா?" என்று கேட்டார். பழக்கமில்லை என்று உண்மையைச் சொன்னேன். எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் அவள் தோளைத் தட்டினேன். சொன்னதும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

மைதானத்தின் உடைமாற்றும் அறை ஒன்றுதான் பரிசோதனை அறை. ஒரு மேசை, நாலைந்து கதிரைகள், மூடி உடைக்காத தண்ணீர்ப் போத்தல்கள். வெயிலில் கவசத்தோடு நின்றதில் அவள் உடம்பில் இருந்த தண்ணீர் எல்லாம் வேர்வையாகப் போய்விட்டது. மூன்று போத்தல் குடித்தும் ஒன்றும் வரவில்லை. வெளியே அவளுடைய அணி பாடிக்கொண்டிருந்தது. துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்பதால் அவள் தாயைக் கூப்பிட்டாள்.

அம்மா தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, தோளில் ஒரு சாப்பாட்டுப் பையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பிள்ளை எங்கட ஆக்களே? ஊரில எவடம்?"

"ஓம் அன்ரி. மானிப்பாய்."

"அப்ப பயமில்லை" என்று சொல்லிக்கொண்டு பையிலிருந்த ரோல்ஸ் பலகாரப் பெட்டியைத் திறந்தார்.

வெளிச் சாப்பாடு சாப்பிட்டு மாதிரியில் ஏதாவது வந்தால் அது அவர்களுடைய பொறுப்பு என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. "என்ர பிள்ளைக்கு நான் குடுக்கிறதில என்ன வரப்போகுது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பெட்டியை மூடிவிட்டார்.

இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மாதிரி கிடைத்தது. அவளே தன் கையால் இரண்டு போத்தல்களில் ஊற்றி மூடினாள். மிச்சம் இருந்தது ஒரு படிவம். கடந்த ஏழு நாட்களில் எடுத்த மருந்து, விற்றமின், பவுடர் எல்லாவற்றையும் எழுதச் சொல்லிவிட்டு அதிகாரி பேனாவை நீட்டினார்.

அம்மா என் பக்கம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, அந்தக் குளிசையை எழுதத் தேவையில்லைத்தானே?"

"எந்தக் குளிசை அன்ரி?"

"முழங்கால் நோவுக்கு. எனக்கெண்டு ஒரு ஆள் வெளிநாட்டில இருந்து கொண்டுவந்து தந்தது. மூலிகை. பேர் ஒண்டுமில்லை, சும்மா போத்தில். இவள் படியேற ஏலாமல் நிண்டவள், பாவமெண்டு நான்தான் மூண்டு நாள் குடுத்தனான்." பிறகு அதிகாரியைக் கண்ணால் காட்டினார். "அவவுக்குத் தமிழ் விளங்காதுதானே. நீங்கள் ஒண்டும் சொல்லாதையுங்கோ."

மூலிகை என்று சொல்லி விற்கிற பெயரில்லாத நோவுக் குளிசைகளில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கக் கூடும் என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். முதல் நாள் கையை ஊன்றி எழும்பியவள் இன்றைக்குத் துள்ளி எழும்பியது எப்படி என்று அப்போது விளங்கியது.

கேட்டதை உடனே அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது என் கடமை. நான் வாய் திறக்கவில்லை. ஒரு நிமிடம் இருக்குமா? எனக்கு அது ஒரு மணித்தியாலம். உண்மையைச் சொல்கிறேன், என் மனது முழுக்க ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. இவள் எழுதக் கூடாது. அந்தப் பந்து மரங்களைத் தாண்டிப் போனதை யாரும் அழிக்கக் கூடாது. வாழ்நாள் தடை என்று வாய் கிழியக் கத்திய நான், முழங்கால் நொந்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்காக மனதுக்குள் எல்லாச் சாட்டுகளையும் தயார் செய்துகொண்டிருந்தேன். மூலிகைதானே. தாய் கொடுத்ததுதானே. மூன்று நாள்தானே.

"அம்மா, நிப்பாட்டுங்கோ" என்றாள் அவள். தமிழ் அவளுக்குத் தடக்கித் தடக்கித்தான் வரும், ஆனால் எல்லாம் விளங்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. குனிந்து எழுதத் தொடங்கினாள்.

அதிகாரி படிவத்தை வாங்கிச் சத்தமாக வாசித்துச் சரிபார்த்தார். முதல் வரி: பெயரில்லாத போத்தலில் இருந்த முழங்கால் வலிக் குளிசை, மூன்று நாள், நாளுக்கு இரண்டு. அதற்குக் கீழே இரண்டாவது வரி: அது அளவுக்கு மிஞ்சி வேலை செய்தது, எனக்குச் சந்தேகம் வந்தது, நான் யாரிடமும் கேட்கவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். நிறைய வருடம் இந்த வேலை செய்தவர். "மருந்தின் விவரம் மட்டும் போதும். இரண்டாவது வரி கட்டாயமில்லை. தெரியும்தானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியும்" என்றாள். "இருக்கட்டும்."

அம்மா எழும்பிவிட்டார். "நான் குடுத்தனான் எண்டு எழுது! என்ர பேரை எழுது!" என்று கத்தினார். அழுகையில் குரல் உடைந்தது.

அவள் தாயின் கையைப் பிடித்து மறுபடியும் கதிரையில் உட்கார வைத்தாள். "அம்மா, நீங்கள் குடுத்தனீங்கள். ஆனா விழுங்கினது நான்."

பிறகு கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே நான் சாட்சியாகப் போட்டேன். அவர்கள் போன பிறகு, தாய் தமிழில் என்னிடம் சொன்னதையும் நான் பேசாமல் இருந்ததையும் அதிகாரியிடம் சொன்னேன். அவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். "நீங்களும் மனிதர்தானே" என்றார். அந்த ஆறுதல் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவர் "என்ன, முகம் ஒருமாதிரிக் கிடக்கு?" என்றார். வெயில் என்றேன். இந்த வேலையில் பார்த்ததை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது.

பரிசோதனை முடிவு என்ன ஆனது என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அடுத்த ஆட்டப் பருவம் தொடங்கியபோது, சாதாரண ரசிகையாக டிக்கெட் எடுத்துப் போனேன். களத்தில் அவள் இல்லை. சுற்றிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், சனத்தோடு சனமாக, தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். குளிசையில் ஸ்டீரொய்ட் இருந்ததாம், அவளுக்கு ஒரு முழுப் பருவம் தடை. அணியோடு பயிற்சி செய்யக் கூடாது, உதவிக்குக்கூடக் களத்தில் இறங்கக் கூடாது. பார்வையாளராக வரலாம், அவ்வளவுதான். அதற்காக அவள் வீட்டில் இருந்துவிடவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்தாள்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் முன் வரிசைப் பெண் ஒருவர் திரும்பி, இந்த வருடம் ஏன் விளையாடவில்லை, காயமா என்று அன்பாகக் கேட்டார். ஆம் என்று சொன்னால் கதை முடிந்திருக்கும். அவள் "இல்லை, தடை. என்னவென்று தெரியாத குளிசை ஒன்றை எடுத்தேன், கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை" என்றாள். அந்தப் பெண் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். இவள் சிரித்துக்கொண்டு, "கூச்சப்படாதீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள்" என்றாள். ஆட்டத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் கேட்பார்களாம். எல்லோருக்கும் அதே பதில். தனக்குக் கிடைத்த பதக்கத்தையும் யாரும் கேட்காமலே திருப்பிக் கொடுத்திருந்தாள்.

"நான்தான் குடுத்தனான் எண்டு சொல்ல விடுறாளில்லை பிள்ளை" என்று அம்மா என் காதுக்குள் முறைப்பட்டார்.

தடை முடிந்து அவள் திரும்பி வந்த முதல் ஆட்டத்துக்கும் போனேன். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்திருந்தாள், ஓட்டம் மெதுவாகிவிட்டது. நாலு தடவை மட்டை பிடித்தாள், ஒரு தடவையும் பந்து சரியாக மட்டையில் படவில்லை. நாலாவது தடவை அவள் திரும்பி நடந்து வந்தபோது நான் எழும்பி நின்று, உள்ளங்கை சிவக்கும் வரை கைதட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் இவளுக்கு விளையாட்டுத் தெரியாது போல என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது அவள் தானே பள்ளிக்கூடங்களுக்குப் போய் இந்தக் கதையைச் சொல்கிறாள். எழுதட்டுமா என்று கேட்டபோது, தாராளமாக எழுதுங்கோ என்றாள். பெயர் போடாதது என்னுடைய முடிவு.

ஸ்டீரொய்ட் மேல் எனக்கு இன்றைக்கும் அதே கோபம்தான். ஆனால் எத்தனை வருடம் தடை போட வேண்டும் என்று யாராவது கேட்டால், முன்பு போலச் சட்டென்று பதில் வருவதில்லை. பெரிய மைதானங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன், வேலி தாண்டிப் போன பந்துகளையும் பார்த்துவிட்டேன். என்றாலும் நான் வாயடைத்துப்போய் நின்றது அந்தச் சின்ன அறையில், கட்டாயமில்லாத ஒரு வரியை ஒருத்தி தனக்கு எதிராகத் தானே எழுதியபோதுதான். அதை எழுதக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டவள் நான் என்பதை மறக்காமல் இருப்பதே இன்றைக்கு வரை அந்த நாள் எனக்குச் செய்துகொண்டிருக்கும் நன்மை.