ஓகே போட்ட மஞ்சள்

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆர்டர் எடுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்கள் ஊருக்குள் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்து, புரோகிராமை மூன்று மாதத்தில் முடித்தேன். அதிலுள்ள பெட்டிகளுக்கு நிறம் பார்க்க இன்னும் ஒன்றரை மாதம் ஆனது.

முதலாளிக்கு லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸும் உண்டு. அங்கே கலர் மாஸ்டர் பார்த்து ‘ஓகே’ எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஒரு தாள் மிஷினில் ஏறாது. அதே சட்டத்தை முதலாளி என் திரைக்கும் கொண்டுவந்தார். விவரம் அடிக்கிற பெட்டியெல்லாம் கம்பெனியின் கம்பி மத்தாப்பு டப்பா மஞ்சளில் இருக்க வேண்டுமாம். டப்பாவோடு வந்த மாஸ்டர், அச்சுப் புள்ளி பார்க்கிற லென்ஸை மானிட்டர் கண்ணாடியில் வைத்துக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் செத்திருந்தது.

“என்ன தம்பி, இங்கன மஞ்சளே இல்லையே. செவப்பும் பச்சையும்ல கெடக்கு.”

கம்ப்யூட்டரில் அது இரண்டும் சேர்ந்தால்தான் மஞ்சள் என்றேன்.

“நானும் இம்புட்டு வருசமா மை கலக்குறேன். செவப்பையும் பச்சையையும் கலந்தா சாணிக் கலருதான் வரும்” என்றார். நான் ஏதோ ஏமாற்றுகிறேன் என்ற சந்தேகம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. ஆனாலும் ஒருநாள் மனம் இரங்கி, பில் செக்சன் மானிட்டரின் மூலையில் கண்ணாடியில் எழுதும் பென்சிலால் ‘ஓகே’ எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அதைத் துடைக்கக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு.

முதலாளி எந்த ஆர்டரையும் தானே வாசிக்க மாட்டார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “நீங்களே வாசிங்க தம்பி” என்பார். பெரிய மனிதத் தோரணை என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி சீசன் சூடுபிடித்த நேரத்தில் பில் செக்சனுக்குப் போனேன். ஆமத்தூரிலிருந்து வரும் அக்கா ஒருவர்தான் அங்கே எல்லா ஆர்டரையும் அடிப்பவர். திரை முழுக்கக் கருப்பு. நடுவில் என் மஞ்சள் பெட்டிகள் மட்டும் வரிசையாக, காலியாக. அக்காவின் விரல்களோ கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

“அக்கா, எழுத்தே தெரியலையே?”

“தெரியாட்டி என்ன, அடிக்கது என்னன்னு எனக்குத் தெரியும்ல.”

வெள்ளைத் திரையைப் பார்த்தால் அவருக்குக் கண்ணில் நீராய் ஊற்றும், எழுத்தும் கலங்கும். மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கினால் விண்டோஸ் கருப்புத் திரைக்கும் வெள்ளை எழுத்துக்கும் மாறும் என்று அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டால் மறுபடி அமுக்கி வெள்ளையாக்கிவிடுவாராம். போன சீசனில் கண் மங்கிய ஒருவரை முதலாளி பில் செக்சனிலிருந்து தூக்கி, எம். புதுப்பட்டி பாக்டரிக்கு, பட்டாசு சுற்றும் கூலி வேலைக்கு, வேனில் ஏற்றிவிட்டிருந்தார்.

“என்னையும் அனுப்பிருவாக தம்பி” என்றார். அவர் குரலில் இருந்த பயம் என்னைக் குத்தியது, ஏனென்றால் தப்பு என்னுடையது. பெட்டியின் மஞ்சளை மட்டும் நான் நிற எண் கொடுத்து ஆணியடித்துவிட்டு, எழுத்தின் நிறத்தை விண்டோஸ் பாடு என்று விட்டிருந்தேன். விண்டோஸ் எழுத்தை வெள்ளையாக்கியது. மஞ்சளில் வெள்ளை எங்கே தெரியும்? இரண்டையுமே விண்டோஸிடம் விட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. நானோ மாஸ்டரின் கையெழுத்துக்குப் பயந்து கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை திருத்திய புரோகிராமோடு போய், அக்காவின் மிஷினில் ஏற்றினேன். பெட்டிகளும் கருப்பாயின, எழுத்துகள் வெள்ளையாகப் பளிச்சென்று நின்றன. அக்கா தான் அடித்த ஆர்டரை ஒரு பிழைகூட இல்லை என்று பெருமையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓகே போட்ட மஞ்சள் எங்கன?”

பின்னால் முதலாளி. வெள்ளிக்கிழமை பூஜை முடித்து வெறுங்காலோடு வந்திருந்தார். அன்றைக்குச் செருப்புச் சத்தம் கேட்காது என்ற கணக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அக்கா எழுந்து நின்றுவிட்டார். 

“சிஸ்டம் கலரோட ஒத்துப்போறதுதான் முறை அண்ணாச்சி” என்று உளறினேன்.

அவர் காதில் வாங்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றவர், கடைப் பெயரிலிருந்து ஆரம்பித்து மத்தாப்பு, சங்குச் சக்கரம், பூச்சட்டி என்று கடைசி வரிவரை சத்தமாக வாசித்தார். அவர் எதையும் வாசித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“நீ எதுக்கும்மா எந்திரிச்சு நிக்க? உக்காந்து அடி. லோடு நிக்குதுல்ல” என்றார் அக்காவிடம். என் பக்கம் குனிந்து குரலை இறக்கினார். “என் ரூம்லயும் இதையே போட்ருங்க தம்பி. கதவைச் சாத்திக்கிட்டுப் போடுங்க.”

அக்கா அதே நாற்காலியில்தான் தொடர்ந்தார், கருப்புத் திரையை யாருக்கும் மறைக்காமல். முதலாளி அறைக்கு நான் எப்போது போனாலும் திரை வெள்ளையாகத்தான் இருந்தது. அந்த மூன்று விசைகளை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அக்காதான்.