அம்மன் கேஸட்டுக் கடைசியில லண்டன் பாட்டு

1986ல, இலங்கை மலையகத்துல பதுளை பஸார்ல கேஸட் பதிஞ்சு குடுக்கிற கட ஒண்ணுல ஹுமைத்துக்கு வேல. கட மச்சான் மஹ்ரூபோடது, ஹுமைத்தோட அக்காவக் கட்டினவரு. ஆனா மெஷின் ஹுமைத்தோட ராஜ்ஜியம். அத விட்டா அவனுக்கு வேற உலகமே இல்ல.

ஆளுங்க கேட்ட பாட்டெல்லாம் பதிஞ்ச பொறகு கேஸட்டுக் கடைசியில கொஞ்சம் நாடா மிஞ்சும். மத்த கடைக்காரங்க அத வெறும் இரைச்சலாவே விட்டுருவாங்க. ஹுமைத்துக்கு மனசு கேக்காது. தனக்குப் புடிச்ச ஒரு பாட்ட அதுல போட்டுருவான்.

லண்டன்லருந்து கூட்டாளி ஒருத்தன் கொண்டு வந்த பாட்டு அது. பெரிய கம்பெனி இல்ல, நாலு பொடியனுங்க தாங்களே பதிஞ்சது. தகரக் கூரையில மழை விழுற மாதிரி கிட்டார் கிணுகிணுன்னு ஓடும். ஒரு பொடியன் பஸ் ஹோல்ட்டுல தெனம் ஒரு பொண்ணப் பாக்குறான். சொல்லணும்னு நெனைக்கிறான். பஸ் போயிருது. அவ்வளவுதான் கதை, ஆனா ஹுமைத்துக்கு எத்தன தரம் கேட்டாலும் அலுக்காது!

ஒரு நாள் ஹாஜியார் ஒருத்தரு வந்தாரு. "நான் கேட்டது இஸ்லாமியப் பாட்டு மஹ்ரூப். கடைசியில வெள்ளக்காரப் பொடியன் வந்து நிக்கிறானே."

அவரு போனதும் மஹ்ரூப் சொன்னாரு: "இன்னொரு ஆளு கொறை சொல்லி வந்தா நீ மெஷினத் தொடப்படாது. பக்கத்துப் புடவைக் கடையில வேலைக்குப் போய்த் துணி மடி."

ஹுமைத் அந்தப் பாட்ட நிப்பாட்டிட்டான். ஆனா ஏற்கெனவே பதிஞ்சதெல்லாம் பசறை, ஹல்துமுல்லைன்னு ஊர் ஊராப் போயாச்சே. யாராவது கேஸட்டோட படியேறினா, அது தான் பதிஞ்சதான்னுதான் மொதல்ல பாப்பான்.

அடுத்த கெழமை தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிற இராக்கம்மா வந்து அம்மன் பாட்டுக் கேஸட்ட மேசையில வெச்சாங்க.

"மொதலாளி, இதுல கொறை இருக்குங்க."

மஹ்ரூப் ஹுமைத்தத் திரும்பிப் பாத்தாரு.

"அம்மன் பாட்டு முடிஞ்சு ஒண்ணு வருதுல்ல, அது பாதியில அறுந்து போவுது. எங்க லயத்து வீடுங்கள்ல எல்லாரும் மிச்சம் எங்கன்னு கேக்குறாங்க."

மஹ்ரூப் நம்பல. "ஒங்களுக்கு அது வெளங்குதா?"

"எங்கங்க வெளங்குது. புள்ளைங்க ஆடுதுங்க. ஆனா அந்தப் பய கொரலக் கேட்டா எனக்கு ஆடத் தோணல."

ஹுமைத் முழுப் பாட்டையும் போட்டு, அர்த்தத்தையும் சொன்னான். இராக்கம்மா அசையாம கேட்டாங்க.

"கடைசி வரைக்கும் வாயத் தொறக்கலியா?"

"இல்லக்கா."

"மேளம் கல்யாண வீட்டு மேளம், வார்த்தை எழவு வீட்டு வார்த்தை. நல்ல பயலுங்கதான் போ."

மஹ்ரூப் சிரிச்சுட்டாரு. ஹுமைத் மெதுவாக் கேட்டான், "மச்சான், புடவைக் கடைக்குப் போகவா?"

"மொதல்ல இந்த அக்காவுக்கு முழுசாப் பதிஞ்சு குடுடா. இனியும் பாதியில அறுந்துச்சுன்னா அப்பப் போ."

அதுக்குப் பொறகு, வேணுமான்னு கேட்டு, வேணும்னவங்களுக்கு அந்தப் பாட்டோட நீளத்த மொதல்ல ஒதுக்கி வெச்சுட்டுத்தான் மத்தப் பாட்ட ஹுமைத் அளந்து போட்டான். எண்பதுகள் முடியிறதுக்குள்ள தெமோதரை லயங்கள்ல அதுக்குப் பேரே 'பஸ் பாட்டு'ன்னு ஆயிருச்சு. லண்டன்ல அத எத்தன பேரு கேட்டாங்களோ தெரியாது.