நான்கு நிமிட பேக்கப்

எங்கள் ஊரில் கழுத்தை அறுப்பதானாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். செவ்வந்தியை வேலையைவிட்டு அனுப்பிய அன்று அந்த அறையில் ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் கூலிக்குப் போன மாரியாத்தாளின் மகள் அவள். டிப்ளமோ முடித்து, சரவணம்பட்டியில் எங்கள் கம்பெனிக்கு ஒப்பந்த ஆளாக வந்தாள். ஒன்பது வருடத்தில் பேக்கப் வேலை முழுவதும் அவள் தலையில் ஏறியிருந்தது. பம்ப் கம்பெனிகளின் டிராயிங்குகளை வைத்துக் காப்பது எங்கள் தொழில். சனிக்கிழமை மதியம் பேக்கப் ஓடத் தொடங்கும். திங்கள் காலை, எல்லாம் சரி என்று அவள் பெயரில் அந்தக் கம்பெனிகளுக்கு மெயில் போகும். பக்கத்து சீட்டில் நான்; என் பெயர் ரிஃபானா. அவள் கொண்டுவரும் அரிசிம்பருப்பு சாதத்தில் பாதி என் வயிற்றுக்குள்தான் போனது.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, பதினோரு மணி நேரம் ஓடவேண்டிய பேக்கப் நான்கே நிமிடத்தில் முடிந்திருந்தது. பச்சை எழுத்தில் வெற்றி என்று வேறு போட்டிருந்தது.

காரணத்தை மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். எங்களிடம் இரண்டு சர்வர்கள் ஜோடி. ஒன்று படுத்தால், டிராயிங்குகள் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியை மற்றது ஏற்றுக்கொள்ளும். அந்த வாரம் முதல் சர்வர் படுத்து, பொறுப்பு இரண்டாவதற்குப் போயிருந்தது. பேக்கப்புக்கோ, இரண்டுக்கும் பொதுவான பெயரைக் கொடுக்காமல் முதல் சர்வரின் பெயரைக் கொடுத்து வைத்திருந்தார் மேனேஜர் எழில். அது குடிமாறிப் போன வீட்டுக்குள் நுழைந்து, காலி அறையை நகலெடுத்துக்கொண்டு திரும்பியிருந்தது.

அதை மாற்றும் உரிமை எழிலிடம் மட்டுமே இருந்தது. அவரோ அதற்குள், தான் வாங்கிய புது மெஷினால்தான் வேகம் கூடியது என்று டைரக்டரிடம் பெருமையடித்து முடித்திருந்தார்.

"ஏனுங்க சார், வெறும் ஃபோல்டரைத்தானுங்க எடுக்குது," என்றாள் செவ்வந்தி.

"பாத்துக்கலாம் அம்மணி. மெயில்ல மட்டும் போட்றாதீங்க, கிளையண்ட் பாத்துப்போடுவாங்க. ஒரு நோட் எழுதி ஷேர்ல வெச்சுருங்க."

எல்லோரும் ஃபைல் வைக்கும் அந்தப் பொது இடத்திலேயே வைத்தாள். மாதத்துக்கு ஒன்றாக ஏழு நோட். எழில் எதையும் மாற்றவில்லை. எல்லாம் சரி என்ற திங்கள் மெயிலை மட்டும் தவறாமல் அனுப்பச் சொன்னார். மூன்று மாதம் தாண்டிய பழைய நகல்களை பேக்கப் தானாகவே அழித்துக்கொண்டு வந்தது. ஏழு நோட்டையும் நான் படித்தேன்.

வைகாசி இடிமழையில் ஸ்டோரேஜ் பெட்டி எரிந்தது. இருபது வருட டிராயிங்குகளைக் கேட்டு ஆட்கள் வந்து நின்றார்கள். பேக்கப்பைத் திறந்தால் காலி ஃபோல்டர்.

எங்கள் இருவரையும் கூப்பிட்டு வைத்து, டைரக்டர் நஞ்சப்பன் முன்னால் திங்கள் மெயில்களையெல்லாம் எழில் அடுக்கினார். ஒவ்வொன்றின் அடியிலும் செவ்வந்தியின் பெயர். "அவங்களையும் குத்தம் சொல்ல முடியாதுங்க சார். படிச்சது டிப்ளமோதானுங்களே," என்றார் பரிவோடு.

"நோட் எழுதி வெச்சேனுங்க," என்றாள் அவள்.

"எங்கீங்க வெச்சீங்க?" என்று கேட்டார் நஞ்சப்பன்.

"ஷேர்லதானுங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. எரிந்த பெட்டியில்தான் அந்த ஏழு நோட்டும் இருந்தன. எழில் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவள் என்னைக் காட்டினாள். "ரிஃபானா படிச்சிருக்குதுங்க சார்."

நஞ்சப்பன் திரும்பினார். "ஏனுங்க அம்மணி, பாத்தீங்களா?"

எழிலும் என்னைப் பார்த்தார். காலியாகப் போகும் சீட் யாருக்கு என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

"ஞாபகம் இல்லீங்க சார்," என்றேன்.

பயந்து சொன்னேன் என்றால் பொய். ஆசைப்பட்டேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே, அது நான்தான்.

அவள் அழவில்லை. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாரேன் ரிஃபானா," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதன்பிறகு வேறு எந்தக் கம்பெனியும் அவளை எடுக்கவில்லை. அவளைப் பற்றி விசாரித்துப் போன் வந்தால் பேசுவது நான்தான், மரியாதையாகத்தான் பேசுகிறேன்.

அவள் சீட்டில் உட்கார்ந்த முதல் வாரமே, எழிலிடம் உரிமையை வாங்கி பேக்கப்பைச் சரிசெய்துவிட்டேன். என்னென்ன மாற்றவேண்டும் என்று அவள் நோட்டில் எழுதியிருந்தாள். ஒரு வரிகூட எனக்கு மறந்திருக்கவில்லை.